அரிக்கஞ்சட்டியும் ஆரோ ஆறும்

"இதுதான் மைன்ஸ் ஊரா? ஷாஃப்ட் எங்கடி?"

ஆரோடவுனில் காரை விட்டு இறங்கியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி இது. பக்கிங்ஹாம் தெருவின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன மரக் கட்டடங்கள். தெருக்கோடியில் 1860களில் நட்ட மரங்கள், அவற்றின் அடியில் கணுக்கால் புதையும் அளவுக்கு மஞ்சள் இலைகள். ஏப்ரல் கடைசி வாரம், நியூசிலாந்தின் இலையுதிர் காலம். இந்த மஞ்சளைப் படம் பிடிக்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அம்மா அதைப் பார்க்கவே இல்லை. தலையைத் தூக்கி வானத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

தேடியது இரும்புக் கோபுரத்தை. நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பத்தொரு வருஷம் அண்டர்கிரவுண்டு வேலை பார்த்தவர். தங்க ஊர் என்றால் அம்மாவுக்கு ஷாஃப்ட் என்ற சுரங்கக் குழி மேல் சுழலும் ராட்டினம், ஷிஃப்டுக்கு ஊதும் சங்கு, வீட்டுக்குப் பின்னால் தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிய சைனைட் மேடு. இது மூன்றும் இல்லாத ஊரைத் தங்க ஊர் என்று மகள் சொன்னால் அவள் எப்படி நம்புவாள்?

மூன்று மாதம் ஆக்லாந்தில் எங்களோடு இருக்க வந்தவளை நான்கு நாள் தெற்குத் தீவுக்கு அழைத்துப் போனோம். ஆக்லாந்திலிருந்து குயின்ஸ்டவுனுக்கு இரண்டு மணி நேர விமானம். அங்கிருந்து ஆரோடவுன் இருபது நிமிஷம்கூட இல்லை. குயின்ஸ்டவுனில் தங்காமல் ஆரோடவுனிலேயே வீடு எடுத்தது இந்தப் பயணத்தில் நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார். வயசானவர்களோடு போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊர் சமதளம். ஆறு, அருங்காட்சியகம், பேக்கரி எல்லாமே நடக்கிற தூரம். மாலை ஐந்து மணிக்கு மேல் பகல் சுற்றுலாக்காரர்கள் போய்விடுவார்கள், தெரு நம்முடையதாகிவிடும்.

"இங்கே ஷாஃப்ட் கிடையாதும்மா. ஆத்து மணல்ல அள்ளினது."

"ஆத்துலயா?" என்றாள், நான் ஏதோ ஏமாற்றுவதைப் போல.

வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. எங்கள் ஊரில் தங்கம் பாறைக்குள் நரம்பு மாதிரி ஓடியது. அதைத் தொடர்ந்து மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்துக்குப் போனார்கள். அதற்கு முதல் வேண்டும், எந்திரம் வேண்டும், கம்பெனி வேண்டும். இங்கே மலையில் இருந்ததை ஆறே பல லட்சம் வருஷமாக அரைத்து, சலித்து, மணலோடு கொண்டுவந்து போட்டிருந்தது. ஒரு மண்வெட்டி, ஒரு சட்டி, குளிரைத் தாங்குகிற உடம்பு இருந்தால் எவனும் இறங்கலாம். இறங்கினார்கள். 1861 மே மாதம் கேப்ரியல் ரீட் என்பவர் இந்த ஓட்டாகோ மாகாணத்தில் தங்கம் கண்டார். அடுத்த வருஷம் ஆகஸ்டில் ஹார்ட்லி, ரைலி என்ற இரண்டு பேர் ஆயிரம் அவுன்ஸுக்கு மேல் தங்கத்தைக் கொண்டுவந்து டனீடின் நகர அலுவலகத்தில் வைத்தார்கள். அதே வருஷக் கடைசியில் கூட்டம் இந்த ஆரோ ஆற்றுக்கு வந்துவிட்டது. இங்கே முதலில் கண்டது ஜாக் டேவா என்ற ஆட்டுப்பண்ணைத் தொழிலாளி, இந்த நாட்டின் பூர்வகுடியான மாவோரி இனத்தவர். ஆனால் ஊர் முதலில் வில்லியம் ஃபாக்ஸ் பெயரில்தான் வழங்கியது. ஃபாக்ஸ் தன் இடத்தை மறைத்து வைத்து, பின்தொடர்ந்தவர்களுக்கெல்லாம் போக்குக் காட்டி, முடிந்தமட்டும் அள்ளிய ஆள். பெயர் யாருக்குப் போகும் என்பது எல்லாத் தங்க ஊரிலும் ஒரே கதைதான்.

தங்கவயலுக்கும் இந்த நாட்டுக்கும் ஒரு பழைய முடிச்சு உண்டு. மைக்கேல் லவேல் என்ற ஐரிஷ் சிப்பாய், நியூசிலாந்தில் மாவோரிகளுக்கு எதிரான போரில் சண்டையிட்டுவிட்டு ஓய்வுக்குப் பெங்களூர் வந்து உட்கார்ந்தவர். கோலார் மண்ணில் தங்கம் இருப்பதாக ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி எழுதிவைத்த பழைய குறிப்பைப் படித்துவிட்டு, மைசூர் அரசிடம் 1875இல் உரிமம் வாங்கினார். கைக்காசு போதவில்லை, உரிமை கைமாறியது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் எங்கள் தாத்தா பாட்டிமார் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். பெங்களூரின் லவேல் ரோடு அந்த ஆள்தான். இதை அம்மாவிடம் சொன்னபோது, "அவன் இங்கேயே இருந்திருந்தா உங்கப்பா போளூர்ல மாடு மேய்ச்சிருப்பாரு" என்றாள்.

முதல் நாளே ஒரு சொதப்பல். நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் ஏப்ரல் 25, ஆன்சாக் தினம். போரில் இறந்த வீரர்களுக்கான நாள். நாடு முழுக்கப் பெரும்பாலான கடைகள் பகல் ஒரு மணிக்குத்தான் திறக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே ஆறு வருஷமாகக் குடியிருக்கிற எனக்கு இது தெரியாதா என்றால், தெரியும். விடுமுறை கிடைக்கிறதே என்று டிக்கெட் போட்டபோது அந்தச் சட்டம்தான் நினைவுக்கு வரவில்லை. காலை எட்டரைக்குத் தெருவில் போய் நின்றால் மார்பில் சிவப்புப் பூ குத்திய நாலு பெரியவர்களைத் தவிர யாருமில்லை. தங்கம் அரிக்கும் சட்டியை வாடகைக்கு எடுக்க நினைத்திருந்த இடமும் பூட்டிக் கிடந்தது. நீங்கள் இலையுதிர் காலத்தில் வருவதாக இருந்தால் ஈஸ்டர் வெள்ளி, ஈஸ்டர் ஞாயிறு, ஆன்சாக் மூன்றையும் நாள்காட்டியில் முதலில் வட்டம் போட்டுவிட்டு அப்புறம் டிக்கெட் போடுங்கள்.

பூட்டு இல்லாத இடம் ஒன்று இருந்தது, சீனர் குடியிருப்பு. தெரு முடிந்து ஆற்றோரம் இறங்கினால் புஷ் ஓடைக்கரையில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது, கதவும் கிடையாது. கடை திறந்திருந்தால் நாங்கள் அங்கே பத்து நிமிஷம் நின்றிருப்போம். திறக்காததால் ஒன்றரை மணி நேரம் இருந்தோம்.

அம்மா குனிந்துதான் அந்தக் குடிசைக்குள் நுழைய முடிந்தது. பின்சுவர் தனியாகக் கட்டவில்லை, மலைப்பாறையே சுவர். மிச்ச மூன்று பக்கமும் அடுக்குக் கல்லும் மண்ணும். உள்ளே ஒரு அடுப்பு, ஒரு ஆள் கையைக் காலை நீட்டினால் இரண்டு பக்கமும் இடிக்கும் அகலம். அம்மா உள்ளே நின்றபடியே சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். வெளியே வந்ததும், "லைன் வீடு இதைவிடத் தேவலாம்" என்றாள். சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த அந்த லைன் வீட்டைப் பற்றி அவள் வாயால் நல்ல வார்த்தை வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இந்தச் சீனர்கள் தாமாக முண்டியடித்து வந்தவர்கள் இல்லை. ஐரோப்பியச் சுரங்கக்காரர்கள் மேற்குக் கரையில் புதுத் தங்கம் என்று கேள்விப்பட்டுக் கிளம்பிப் போனதும், ஊர் காலியாகிவிடுமே என்று டனீடின் வணிகர்கள் கூடி 1865இல் இவர்களை வரச் சொன்னார்கள். மற்றவர்கள் அரித்துவிட்டுப் போன மணலைத் திரும்ப அரிப்பதுதான் இவர்கள் பங்கு. அதிலும் இவர்கள் பிழைத்ததைப் பொறுக்க முடியவில்லை. 1881இல் உள்ளே வரும் சீனர் தலைக்கு 10 பவுண்டு வரி போட்டார்கள். 1896இல் அதை 100 பவுண்டாக்கினார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து அது போனது 1944இல். அரசு மன்னிப்புக் கேட்டது 2002இல், பிரதமர் ஹெலன் கிளார்க் காலத்தில். செத்தால் சொந்த ஊர் மண்ணில் புதைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அப்படி 499 பேரின் உடல்களைத் தோண்டி எடுத்து ஏற்றிக்கொண்டு போன வென்ட்னர் என்ற கப்பல் 1902இல் ஹோக்கியாங்கா கரைக்கு அப்பால் மூழ்கிவிட்டது. இதை நான் சொல்லி முடிக்கும் வரை அம்மா ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் இருந்த ஆ லம் என்பவரின் கல் கட்டடக் கடையின் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். மளிகைக் கடைதான், ஆனால் அவர் ஊர்க்காரர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவராகவும் மொழிபெயர்ப்பவராகவும் இருந்திருக்கிறார். "நம்ம செட்டியார் கடை மாதிரி" என்றாள்.

ஊருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பக்கிங்ஹாம் தெருவில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அழகான தெரு, குறை சொல்லவில்லை. ஆனால் நேரம் ஒரு மணிதான் இருக்கிறது என்றால் தெருவை விட்டுவிட்டு இந்தக் குடிசைகளுக்குப் போங்கள்.

ஒரு மணிக்குக் கடை திறந்தது. இரண்டு பிளாஸ்டிக் சட்டி, ஒரு குட்டி மண்வெட்டி, ஒரு கண்ணாடிக் குப்பி. ஆரோ ஆற்றின் இந்தப் பகுதி பொதுமக்கள் தங்கம் அரிப்பதற்கென்றே ஒதுக்கியது. அனுமதிச் சீட்டு வேண்டாம். கைக்கருவி மட்டும்தான், மோட்டார் கூடாது. கிடைத்தது உங்களுக்கே.

சட்டியின் உள்பக்கம் ஒரு ஓரத்தில் வரிவரியாகப் பள்ளம். அம்மா அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இது நம்ம அரிக்கஞ்சட்டிடி."

இளைய தலைமுறைக்குத் தெரியாமல் இருக்கலாம். அரிசியில் கல் கிடந்த காலத்தில் உள்ளே வரி போட்ட மண் சட்டி ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். தண்ணீரோடு அரிசியை அலசி அலசிச் சரித்தால் அரிசி அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கல் வரியில் தங்கிவிடும். தங்கம் அரிப்பதும் அதே வித்தைதான். அரிசியில் தங்குவதை எறிகிறோம், இங்கே தங்குவதை வைத்துக்கொள்கிறோம். அதே அளவு மணலைவிடத் தங்கம் ஏறக்குறைய ஏழு மடங்கு கனம். குலுக்கினால் எப்படியும் அடிக்குப் போயே தீரும்.

என் வீட்டுக்காரர் யூடியூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டு வந்திருந்தார். ஆற்று நடுவில் பளபளப்பான மணலை அள்ளி, வேகவேகமாகச் சுழற்றி, முழுவதையும் ஆற்றிலேயே கொட்டினார். அம்மா கரையோரம் ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். "மாப்ள, தண்ணி எங்க வேகம் கொறையுதோ அங்க அள்ளுங்க. கனமானது அங்கதான எறங்கும்?" என்றாள். யாரும் சொல்லித் தரவில்லை. பாறைக்குப் பின்புறம், ஆறு வளைகிற இடத்தின் உள்பக்கம், பாறை வெடிப்புக்குள் அடைந்த சேறு, இவைதான் இடம். பாதிச் சட்டிக்கு மேல் அள்ளக் கூடாது. தண்ணீருக்குள் அமிழ்த்தி முதலில் பக்கவாட்டில் நன்றாக ஆட்ட வேண்டும், கனமானவை இறங்க நேரம் தர வேண்டும், பிறகுதான் முன்பக்கம் சரித்து மேல் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கடைசியில் கறுப்பு மணல் ஒரு கரண்டி மிஞ்சும். அங்கே அவசரப்பட்டால் எல்லாம் போச்சு.

அம்மாவின் மூன்றாவது சட்டியில் அந்தக் கறுப்பு மணல் ஓரத்தில் ஒரு பொடி. கடுகை நாலாக உடைத்த அளவு. மற்ற மணல் எல்லாம் வெயிலில் மின்னும், நிழலில் செத்துவிடும். இது நிழலிலும் அப்படியே இருந்தது. அம்மா என்னைக் கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பொடி தண்ணீர் மேல் மிதந்து, சட்டி விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது.

தங்கம் மிதக்குமா? பக்கத்தில் அரித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பார்த்தார், பிறகு தலையைப் பார்த்தார். காலையில் அம்மா வழக்கம்போல் தேங்காய் எண்ணெய் தடவித் தலைவாரியிருந்தாள். கையில் எண்ணெய்ப் பிசுக்கு, அது சட்டியிலும் ஒட்டியிருக்கிறது. எண்ணெய் பட்ட மெல்லிய தங்கத் துகளைத் தண்ணீர் நனைக்காது, அது மேலேயே மிதந்து போய்விடும். அவர் தன் பையிலிருந்து பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை எடுத்து இரண்டு சொட்டு விட்டு, மணல் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். சன்ஸ்கிரீன் பூசிய கையும் இதே வேலையைச் செய்யுமாம். கையைக் கழுவிவிட்டு உட்காருங்கள். வாடகைக்கு வாங்கிய சட்டியையும் முதலில் ஒரு தேய் தேயுங்கள், முன்னால் வைத்திருந்தவர் என்ன தின்றாரோ.

மாலைக்குள் அம்மாவின் குப்பியில் ஐந்து பொடி. என் வீட்டுக்காரருக்குப் பூஜ்யம், எனக்கு ஒன்று. தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்தது. கம் பூட்ஸ் இல்லாமல் இறங்கியதற்கு அன்றிரவு முழுக்க என் விரல்கள் பதில் சொன்னன. "இது எத்தனை மில்லி இருக்கும்?" என்று கேட்டு, சட்டி வாடகையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "கட்டுப்படியாகாது" என்று தீர்ப்பு வேறு சொன்னாள் அம்மா.

மறுநாள் கிப்ஸ்டன் பள்ளத்தாக்கு. ஆரோடவுனிலிருந்து காரில் கால்மணி நேரம். இரண்டு பக்கமும் மலை, நடுவில் கவாரௌ ஆறு, சரிவெல்லாம் திராட்சை. அறுவடை முடிந்த கொடிகளில் இலை பழுத்துக் கிடந்தது. பறவைக்குப் போட்ட வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே மதுவும் தங்கத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்ததுதான். ழான் ஃபெரோ என்ற பிரெஞ்சுக்காரர் தங்கத்துக்காக வந்து, சம்பாதித்து, 1860களிலேயே கிளைட் ஊர்ப்பக்கம் திராட்சை நட்டார். 1895இல் அரசு அழைத்துவந்த ரோமியோ பிரகாட்டோ என்ற நிபுணர் இந்த மண் திராட்சைக்கு உகந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏறக்குறைய நூறு வருஷம் ஆடும் பழத்தோட்டமும்தான். 1981இல் ஆலன் பிரேடி கிப்ஸ்டனில் நட்டபோது குளிரில் செத்துவிடும் என்று சிரித்தார்களாம். 1987இல் முதல் பாட்டில் விற்பனைக்கு வந்தது. இன்றைக்கு இந்தப் பகுதி என்றாலே பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சைதான். தென் 45 பாகைக் கோடு, பகலில் நல்ல வெயில், இரவில் நடுக்கம். அந்தத் திராட்சைக்கு அது பிடித்திருக்கிறது. வசந்தத்தில் துளிர் விடும்போது உறைபனி விழுந்தால், விடியற்காலையில் ஹெலிகாப்டரைத் தோட்டத்துக்கு மேல் பறக்கவிட்டு, மேலே இருக்கிற வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ளுகிறார்கள். பாட்டில் விலை ஏன் அப்படி என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சுவைத்துப் பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், நாலரை ஐந்துக்கெல்லாம் மூடிவிடுகிறார்கள். நான்கைந்து கோப்பையில் ஒவ்வொரு வாய் ஊற்றுவார்கள். எல்லாவற்றையும் விழுங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. துப்புவதற்கு ஜாடி மேஜையிலேயே இருக்கும், நம்மவர்கள் கூச்சத்தில் அதைத் தொடுவதில்லை. வண்டி ஓட்டுகிறவர் மதுவைத் தொடவே வேண்டாம். ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம்தான் வரம்பு. மலைப்பாதையில் வண்டியை நிறுத்தி ஊதச் சொல்கிறார்கள். குடிக்கிற கூட்டம் என்றால் சைக்கிளோ சுற்றுலாப் பேருந்தோ நல்லது. என் வீட்டுக்காரர் திராட்சைச் சாறு குடித்துக்கொண்டு எங்களை முறைத்தார். அம்மா குடிக்கவில்லை, ஆனால் என் கோப்பையை வாங்கி மோந்து பார்த்தாள். "நாவப்பழத்த ஊற வச்ச மாதிரி" என்றாள். ஊற்றிக் கொடுத்த பெண்ணுக்கு நாவல்பழத்தை விளக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

அங்கே மலையைக் குடைந்து பீப்பாய் வைக்கும் குகை ஒன்று இருக்கிறது. பார்க்கலாம் என்றார்கள். வாசலில் கனமான மரக்கதவு. உள்ளே மங்கிய விளக்கு, பாறைச் சுவர், ஈரம். நான் இரண்டடி உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் அம்மா வாசலிலேயே நிற்கிறாள்.

"என்னம்மா, மூச்சு முட்டுதா?"

"இல்ல. பொம்பளைங்க உள்ள போலாமா?"

எங்கள் ஊரில் அப்போதெல்லாம் பெண்கள் அண்டர்கிரவுண்டு போகக் கூடாது. அன்றைய சட்டமே அப்படி. முப்பத்தொரு வருஷம் அப்பாவுக்குச் சோறு கட்டிக் கொடுத்தவள், ஏர்பிளாஸ்ட் என்று ஆழத்தில் பாறை வெடித்து ஊர் அதிரும்போதெல்லாம் ஷாஃப்ட் வாசலில் போய் நின்றவள். உள்ளே எப்படி இருக்கும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் சொன்னதும் இல்லை. கையைப் பிடித்து அழைத்துப் போனேன். அவள் பீப்பாயைப் பார்க்கவில்லை. பாறையில் துளைபோட்ட தடம் ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தாள். "இங்க குளிருது. அங்க சூடுன்னு சொல்லுவாங்க" என்றாள். ஆமாம், அவ்வளவு ஆழத்தில் பாறையே சுடும். பிறகு செருப்பைச் சரிசெய்துகொண்டு, மற்றவர்களுக்கு முன்னால் வெளியே நடந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் பேனக்பர்ன். என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தின் மையம் இதுதான், பலரும் தவறவிடுகிற இடமும் இதுதான். ஆரோடவுனிலிருந்து கவாரௌ மலையிடுக்கு வழியாக முக்கால் மணி நேரம். நெவிஸ் பிளஃப் என்ற இடத்தில் பாறை சரிந்து அவ்வப்போது சாலையை மூடுவார்கள், கிளம்பும் முன் சாலை நிலவரம் பாருங்கள். இன்னொன்று, ஸ்கிப்பர்ஸ் பள்ளத்தாக்குச் சாலைக்குப் போகும் ஆசை வந்தால் வாடகை வண்டி ஒப்பந்தத்தைப் படியுங்கள். அந்தச் சாலையில் காப்பீடு செல்லாது என்று பெரும்பாலும் போட்டிருக்கும்.

பேனக்பர்னில் திராட்சைத் தோட்டங்களை ஒட்டியே ஒரு வரண்ட நிலம். மண்ணும் சரளையுமாக உயரமான சுவர்கள், நடுவில் தனித்து நிற்கும் மண் தூண்கள், கால்வாய்த் தடங்கள். ஏதோ இயற்கை செதுக்கியது போல இருக்கும். செதுக்கியது மனிதன். மலையிலிருந்து கால்வாயில் கொண்டுவந்த தண்ணீரை இந்த மேட்டின் மேல் பாய்ச்சி, மலையையே கரைத்து, சேற்றைச் சாக்கடை போல ஓடவிட்டு, அடியில் தங்கும் தங்கத்தை எடுத்திருக்கிறார்கள். 1860களில் தொடங்கி நாற்பது வருஷத்துக்கும் மேல். கரைந்த மண் எல்லாம் ஆற்றுக்குப் போனது. அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "நமக்கு மேடாக்கிட்டுப் போனான். இவங்களுக்குப் பள்ளமாக்கிட்டுப் போயிருக்கான்."

இந்த இடத்தில் மழை மிகக் குறைவு. ஆகவே தங்கம் வைத்திருந்தவனைவிடத் தண்ணீர் வைத்திருந்தவன் கை ஓங்கியிருந்தது. யார் முதலில் பதிவு செய்தானோ அவனுக்கு முதல் உரிமை, மிச்சம் இருந்தால் அடுத்தவனுக்கு. தலைமடை, கடைமடை கணக்கேதான். தண்ணீரை ஹெட் என்ற அளவில் விற்றார்கள், வினாடிக்கு ஒரு கன அடி. தங்கம் தீர்ந்தது, உரிமை தீரவில்லை. அந்தச் சுரங்கக் காலத்துத் தண்ணீர் உரிமைகளைப் பழத்தோட்டக்காரர்களும் பண்ணைக்காரர்களும் கைமாற்றி வைத்திருந்து, 2021 அக்டோபரில்தான் அவை காலாவதியாயின. காரிக் மலை வழியாக 1870களில் வெட்டிய கால்வாய் இன்னும் பாசனத்துக்கு ஓடுகிறது. முந்தின நாள் கோப்பையில் சுழற்றிய மது இந்தக் கணக்கில் வந்ததுதான்.

நடைபாதையைச் சுற்றிவர ஒன்றரை மணி நேரம். நிழல் கிடையாது, குழாய் கிடையாது. தண்ணீர், தொப்பி கட்டாயம். நல்ல செருப்பு போதாது, ஷூ வேண்டும், சரளை வழுக்கும். அம்மா மெதுவாக நடந்ததால் எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. தரையெல்லாம் ஒரு குட்டிச் செடி படர்ந்திருந்தது, சாம்பல் பச்சை இலை. அம்மா ஒன்றைக் கிள்ளி உள்ளங்கையில் கசக்கினாள்.

"ஓமம்டி!"

தைம் என்ற செடி. ஐரோப்பியர்கள் கொண்டுவந்து நட்டது, இப்போது இந்த மலைகளெல்லாம் காடாகப் பரவிக் கிடக்கிறது. ஓமத்தில் இருக்கிற தைமால் என்ற சத்துதான் இதிலும் இருக்கிறது, அதனால்தான் அந்த வாசனை. அம்மா அதற்குப் பிறகு பத்தடிக்கு ஒருமுறை குனிந்தாள்.

மேட்டின் மேலே ஸ்டூவர்ட் டவுன் என்று பலகை. டவுன் என்று பெயர்தான், ஒரு மண் வீட்டின் மிச்சமும் சில பழமரங்களும் மட்டும். பக்கத்தில் வற்றிப்போன ஒரு பெரிய நீர்த்தேக்கம். மென்சிஸ், ஸ்டூவர்ட் என்ற இருவர் அதைக் கட்டிக் கீழே இருந்த சுரங்கக்காரர்களுக்குத் தண்ணீர் விற்றிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் நட்ட பேரியும் ஆப்ரிகாட்டும் இன்னும் உயிரோடு நிற்கின்றன.

அங்கே நிழலில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். வெளிநாட்டிலிருந்து நேராக வருகிறவர்கள் ஊறுகாய், பொடி எதுவானாலும் விமான நிலையப் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதாத ஒரு ஆப்பிளுக்கு நின்ற இடத்தில் 400 டாலர் அபராதம். அம்மா வந்திறங்கிய அன்று கறிவேப்பிலையை எடுத்து வைத்துக்கொண்டார்கள், அபராதம் இல்லை, எழுதியிருந்தாள்.

"மொத்த மலையையும் கரைச்சிருக்கான், ஒரு மரம் இல்ல. தண்ணி வித்தவன் வீட்ல மட்டும் மரம் நிக்குது பாரு" என்றாள் அம்மா, சோற்றுக் கையோடு. என் வீட்டுக்காரர், "அத்தை, கிளம்பலாம், இருட்டிடும்" என்றார். ஏப்ரல் கடைசியில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும், மலையிடுக்கில் இன்னும் முன்னாலேயே.

திரும்பும் வழியில் அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஐந்து பொடியும் ஒவ்வொரு தடவையும் அடியில்தான் போய் உட்கார்ந்தன. பிறகு குப்பியைப் பைக்குள் போட்டுவிட்டுக் கைவிரலை மூக்கருகே கொண்டுபோனாள். வண்டி முழுக்க ஓம வாசனை.